யாருக்கு வேண்டும் இந்தக் கிழட்டுக் கோயில்?

ஊர் கூடித் தேர் இழுத்த கதை நம்மிடம் ஏராளம். ஊர் கூடி உட்கார்ந்து, "இந்தக் கோயில் நமக்கு வேண்டாம், கழற்றி ஏலத்தில் விட்டுவிடலாம்" என்று முடிவெடுத்த கதை நார்வேயில் நடந்தது. ஊரின் பெயர் வாங். கோயில், சுமார் 1200-ஆம் ஆண்டில் மரத்தால் கட்டிய ஒரு கிறிஸ்தவக் கோயில். ஏலம் நடந்தது 1841-ல். வாங் கோயிலை வாங்க நார்வேயில் ஆள் கிடைக்கவில்லை. வாங்கியவர் பிரஷ்யாவின் மன்னர். இன்றைக்கு அந்தக் கோயில் போலந்து நாட்டின் ஒரு மலைச்சரிவில் நின்றுகொண்டு, டிக்கெட் எடுத்து வருகிறவர்களுக்குக் காட்சி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே ராகத்தில்தான் பாடியிருக்கிறார்கள். அருமை தெரியாத பட்டிக்காட்டு ஜனங்கள், அருமை தெரிந்த ஓவியர், தாராள மனசுக்கார ராஜா, பக்தி நிறைந்த சீமாட்டி. நான் பட்டிக்காட்டு ஜனங்களின் கட்சி. நூற்றெண்பது வருஷமாக வசவு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் ஒரு வக்கீல் வேண்டாமா?

வழக்கை ஆதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வாங், வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கின் மேல்கோடியில், நீளமான ஒரு ஏரியின் கரையில் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்குக் கிறிஸ்தவம் வந்த விதத்தை, 13-ஆம் நூற்றாண்டில் மன்னர்கள் வரலாறு எழுதிய ஐஸ்லாந்துக்காரர் ஸ்நோரி ஸ்டுர்லுசன் விவரமாகச் சொல்லியிருக்கிறார். 1023 வாக்கில் மன்னர் ஓலாவ் படையோடு வந்தார். முதல் காரியமாக ஏரியிலிருந்த படகுகளை எல்லாம் கைப்பற்றினார். விவசாயிகள் ஆயுதங்களோடு திரண்டு நின்று, "ஞானஸ்நானம் எல்லாம் எங்களுக்கு ஒத்துவராது" என்கிற தோரணையில் பேசினார்கள். ராஜா வாதாடவில்லை. படகில் ஏறிக் கரையோரமாகப் போய் ஒவ்வொரு பண்ணையாகக் கொளுத்த ஆரம்பித்தார். புகை தெரிந்ததும் கூட்டம் கலைந்தது. அவனவன் தன் தன் வீட்டைக் காப்பாற்ற ஓடினான். மீதி இருந்தவர்களைத் தனித்தனியாகப் பிடித்து மதம் மாற்றுவது சுலபமாகப் போயிற்று. அன்றைய மதபோதனையில் கேள்வி நேரம் கிடையாது.

இந்த ஓலாவை 1030-ல் ஸ்டிக்லெஸ்டாட் என்ற இடத்தில் நார்வேக்காரர்களே போர்க்களத்தில் கொன்றார்கள். அடுத்த வருஷமே புனிதர் என்று அறிவித்தார்கள். உயிரோடு இருக்கும்வரை அவரைத் தாங்க முடியவில்லை. செத்தபிறகு அவர் இல்லாமல் இருக்க முடியவில்லை. வாங் ஊரின் பழைய கோயிலுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதேதான். அதைப் பிறகு பார்ப்போம்.

பேரன் பேத்திகள் காலத்தில் மதம் ஊறிவிட்டது. ஊருக்குக் கோயில் வேண்டும். கல்லில் கட்டுவது பிஷப்புகளுக்கும் பட்டணத்துக்கும் கட்டுப்படியாகும். மலைக்காட்டு விவசாயிக்குக் கையருகில் இருப்பது பைன் மரம். ஆரம்ப காலத்தில் தூண்களை நேராக மண்ணில் நட்டார்கள். மண்ணின் ஈரம் அடியைத் தின்றது. ஒரு தலைமுறை இரண்டு தலைமுறையில் கோயில் சாய்ந்தது. பிறகு யாருக்கோ புத்தி வந்தது. தரையில் கல் வரிசை, கல்லின்மேல் கிடைமட்டமாகக் கனமான உத்தரங்கள், உத்தரத்தின்மேல் தூண். மண்ணுக்கும் மரத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தூண்களுக்கு நடுவே செங்குத்தாகப் பலகைகள், மரத்தோடு மரம் பூட்டிக்கொள்ளும் பொருத்துகள், அடிக்க மர முளைகள். கூரைக்கு மேல் கூரை, அதற்கு மேலும் ஒரு கூரை. எல்லாவற்றுக்கும் மேலே பைன் மரத்திலிருந்து வடித்த தார். இப்படிக் கட்டியவற்றுக்குத்தான் ஸ்டேவ் சர்ச் என்று பெயர். இடைக்கால நார்வேயில் இவை ஆயிரத்துக்கு மேல் இருந்திருக்கின்றன.

ஞானஸ்நானம் வாங்கி இருநூறு வருஷம் ஆகியிருந்தும், தச்சர்களின் கை பழசை மறக்கவில்லை. ஸ்டேவ் சர்ச்சுகளின் கூரை முகட்டில் டிராகன் தலை நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். வாங் கோயிலின் வாசல் நிலையிலும் பாம்புபோல் முறுக்கிய உடல்கள், ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு, கொடியோடு கொடியாகப் பின்னிக் கிடக்கின்றன. உள்ளே ஏசு, வாசலில் டிராகன். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் ஊருக்கு நஷ்டமில்லை.

அந்த வாசலில் கையெழுத்து ஒன்றும் உண்டு. ரூன் எழுத்தில் வெட்டியது. செதுக்கியவன் ஓலாவின் மகன் எய்ண்ட்ரிடி என்றும், லோ என்ற பண்ணையைச் சேர்ந்தவன் என்றும் அது சொல்கிறது. ஒல்லிவிரலான் என்று பட்டப்பெயர் வேறு. கோயிலுக்குப் பணம் கொடுத்த பிரபு யார், எந்த பிஷப் வந்து மந்திரித்தார் என்பதெல்லாம் காற்றோடு போயிற்று. ஒல்லிவிரலான் மட்டும் எண்ணூறு வருஷமாகத் தன் விலாசத்தோடு நிற்கிறான். உபயதாரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ட்யூப் லைட்டில் பேர் எழுதுவதைவிட உளியைக் கையில் எடுப்பதே நல்லது.

இனி கோயிலுக்குள் போவோம். போகும்போது கம்பளி இருக்கட்டும்.

ஜன்னல் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. மேலே, கூரைக்குக் கீழே, வட்டமாகச் சில ஓட்டைகள். அடுப்பு இல்லை. இருட்டு, தார் வாடை, ஈரக் கம்பளி வாடை. கத்தோலிக்கக் காலத்தில் இது பெரிய பிரச்சினையாக இல்லை. பூசை லத்தீனில் நடந்தது. ஜனங்கள் பெரும்பாலும் நின்றுகொண்டே பார்த்தார்கள். சுவரோரத்தில் கிழவர்களுக்கு ஒரு பெஞ்சு. புரியாத பாஷையில் ஒரு நல்ல வசதி: வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே அளவில்தான் புரியும்.

1537-ல் சிக்கல் ஆரம்பித்தது. நார்வேயை ஆண்டுகொண்டிருந்த டென்மார்க் மன்னர், இனி எல்லாரும் லூத்தரன் என்று உத்தரவு போட்டார். வால்ட்ரெஸ் விவசாயியை யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை. இந்த முறை பண்ணையைக் கொளுத்தவில்லை என்பது ஒரு முன்னேற்றம். புது ஏற்பாட்டில் பிரசங்கம்தான் மையம். அதுவும் டேனிஷ் மொழியில், மணிக்கணக்காக. நின்றுகொண்டு கேட்க முடியாது, பெஞ்சு வேண்டும். பெஞ்சு போட்டால் இடம் போதாது, மாடம் கட்டவேண்டும். பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாட வெளிச்சம் வேண்டும், சுவரை அறுத்து ஜன்னல் வைக்கவேண்டும். நாடு முழுக்க ஸ்டேவ் சர்ச்சுகள் இப்படித்தான் ஒட்டுப்போட்ட சட்டை ஆயின. நிற்பதற்கென்று கட்டிய கட்டடத்தில் உட்காரச் சொன்னதுதான் இவ்வளவுக்கும் காரணம்.

சரி, குளிர்கிறதே, இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்துவிடலாமா என்றால் அதற்கும் வழி இல்லை. 1735-ல் ஓய்வுநாள் சட்டம் வந்தது. தக்க காரணம் இல்லாமல் கோயிலுக்கு வராதவனுக்கு அபராதம். கட்ட வக்கில்லாதவனைக் கட்டையில் மாட்டி ஊர் பார்க்க நிறுத்தலாம். போனால் ஜலதோஷம், போகாவிட்டால் அபராதம்.

இதற்கு நடுவில் ஒரு ராஜா கோயில்களையே விற்றுவிட்டார். இந்த ராஜாவை நமக்குத் தெரியும். டென்மார்க், நார்வே இரண்டையும் ஆண்ட நான்காம் ஃபிரெடெரிக். 1705-ல் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்குக் கப்பலேற்றி அனுப்பியவர் இவர்தான். 1718-ல் அங்கே எழும்பிய புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் இவருடைய கிரீட முத்திரையை இப்போதும் பார்க்கலாம். தமிழனுக்கு ஆத்தும இரட்சிப்பு கிடைக்கவேண்டும் என்று உருகிய அதே மகாராஜா, சுவீடனோடு பத்து வருஷத்துக்கு மேல் சண்டை போட்டு முடித்தபோது கஜானா துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கடனை அடைக்க என்ன வழி? 1720-களில் நார்வேயின் கிராமக் கோயில்களை நூற்றுக்கணக்கில் தனியாருக்கு விற்றார். கோயில், அதன் நிலம், காணிக்கை, எல்லாம் சேர்த்து. வாங்கியவர்களில் வியாபாரிகள் உண்டு, அதிகாரிகள் உண்டு, வேறு வழியின்றித் தங்கள் கோயிலைத் தாங்களே காசு கொடுத்து வாங்கிக்கொண்ட விவசாயிகளும் உண்டு. வருமானத்தைச் சரியாக வசூலித்த முதலாளிகள், கூரைக்குத் தார் பூசும் விஷயத்தில் மட்டும் மறதிக்காரர்களாக இருந்தார்கள்.

கனம் கோர்ட்டார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோயில் என்பது விற்கக்கூடிய ஒரு சரக்கு என்று நார்வே விவசாயிக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அரசாங்கம். 1841-ல் அவன் செய்தால் மட்டும் காட்டுமிராண்டித்தனம் என்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜனத்தொகை வேறு ஏறியது. அம்மைத் தடுப்பூசி வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, சண்டை ஓய்ந்தது. 1801-ல் நார்வேயின் ஜனத்தொகை சுமார் 8.8 லட்சம், 1845-ல் 13 லட்சத்தைத் தாண்டியது. பிறந்த பிள்ளைகள் சாகாமல் வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். கோயிலோ எண்ணி நாலு பண்ணைகளுக்கென்று 1200-ல் கட்டியது போல இருந்தது. 1830-களிலேயே வாங் ஊரார் தீர்மானித்துவிட்டார்கள்: பெரியதாக, வெளிச்சமாக, வெள்ளையடித்துப் புதுக் கோயில். 1837-ல் கிராமங்களுக்குத் தன்னாட்சி கொடுக்கும் சட்டமும் வந்துவிட்டது. எண்ணூறு வருஷத்தில் முதல்முறையாக ஓலாவையோ டென்மார்க்கையோ கேட்காமல் ஊர் தானே ஒரு முடிவு எடுக்கலாம். எடுத்தது. இதில் என்ன குற்றம்?

குற்றம் கண்டுபிடித்தவர் டிரெஸ்டனில் இருந்தார்.

யோஹான் கிறிஸ்டியன் டால், 1788-ல் பெர்கனில் ஒரு மீனவர் வீட்டில் பிறந்தவர். ஓவியத்தில் பேர் வாங்கி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பேராசிரியராகக் குடியேறினார். எல்பெ நதிக்கரையில், காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் என்ற மகா ஓவியர் இருந்த அதே வீட்டில் ஜாகை. டால் நார்வேயின் அருவிகளை வரைந்தார், ஃபியோர்டுகளை வரைந்தார், பனிக்காலத்தை வரைந்தார். எல்லாம் டிரெஸ்டன் வீட்டு அறையில் உட்கார்ந்துதான். சில வருஷங்களுக்கு ஒருமுறை கோடைக்காலத்தில் ஊர்ப்பக்கம் வந்து ஸ்கெட்ச் எடுத்துக்கொண்டு போவார். பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் ஜனவரி மாதத்தில் வாங் கோயிலின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு முழுப் பிரசங்கம் கேட்டிருந்தால் அவருடைய கலாரசனை கொஞ்சம் நிதானப்பட்டிருக்கும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அவர் 1837-ல் நார்வேயின் பழைய மரக்கோயில்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகத்தின் கண்ணைத் திறந்த புத்தகம். இவை வெறும் தார் பூசிய கொட்டகைகள் அல்ல, ஐரோப்பாவில் வேறெங்கும் இல்லாத தச்சுக்கலை என்று நிறுவியது. வாங் விவசாயி அதைப் படித்திருந்தால் மனம் மாறியிருக்கக்கூடும். புத்தகம் ஜெர்மன் மொழியில், டிரெஸ்டனில் அச்சானது.

வாங் கோயிலை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு டால் துடித்தார். நார்வேக்குள்ளேயே வேறு இடத்தில் நிறுத்தலாமா என்று இவரைக் கேட்டார், அவரைக் கேட்டார். ஆஹா அருமை, அவசியம் காப்பாற்ற வேண்டியது என்றார்கள். பணம் என்றதும் பேச்சு மாறியது. புராதனத்தின்மேல் பக்தி உள்ளவர்களுக்குப் பர்ஸ் மட்டும் எல்லா நாட்டிலும் புத்தம் புதிதாகவே இருக்கிறது, திறந்த அடையாளமே தெரியாது.

கடைசியில் டால் கதவைத் தட்டியது பெர்லினில். அங்கே 1840-ல் நான்காம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் பட்டத்துக்கு வந்திருந்தார். குண்டான மனிதர், சொந்தக் குடும்பத்திலேயே அவருக்கு ஒரு தட்டை மீனின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். இடைக்காலம் என்றால் உயிர். ராஜாங்கக் காகிதங்களுக்கு நடுவே கோபுரமும் மண்டபமுமாக வரைந்து தள்ளுவார். முந்நூறு வருஷமாகப் பாதியில் நின்றுபோயிருந்த கொலோன் பேராலயத்தை முடிப்பதற்கு 1842 செப்டம்பரில் அடிக்கல் வைத்தவர் இவர்தான். பழைய கோயில் ஒன்று விலைக்கு வருகிறது என்று இவரிடம் சொல்வது, மாவடு சீசனில் ஊறுகாய்ப் பிரியரிடம் செய்தி சொல்வதற்குச் சமம். 1841-ல் ஏலம். டால் ஏற்பாடு செய்தார், மன்னர் வாங்கினார்.

டாலின் புத்தகத்துக்குப் படம் வரைந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் ஷீர்ட்ஸ் என்ற ஜெர்மானியரை வாங் ஊருக்கு அனுப்பினார்கள். அவர் கோயிலை அளந்தார், வரைந்தார், பிரிப்பதை மேற்பார்த்தார். ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்திருப்பார்கள். விறகுக்கு என்று நினைத்திருந்த பலகையை ஒருவர் கடல் கடந்து வந்து, தொட்டில் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிப் பெட்டியில் வைக்கிறார். அதற்கு ஒரு ராஜா காசும் கொடுக்கிறார். பைத்தியக்கார உலகம் என்று அவர்கள் பைப்பைப் பற்றவைத்திருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். கோயில் வாசலில் ரூன் எழுத்து நடுகல் ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், கனமோ கனம். அதை யாரும் கேட்கவில்லை. அது இன்னும் வாங் ஊரிலேயே, புதுக் கோயிலின் பக்கத்தில் நிற்கிறது. ஊரை விட்டுப் போகாமல் இருக்கவேண்டுமானால் மரமாக இருக்கக்கூடாது, கல்லாக இருக்கவேண்டும்.

மரமாக இருந்த பாகம் மலையைத் தாண்டி, கப்பலேறி, பால்டிக் கடலோரத்தில் ஷ்டெட்டினில் இறங்கி, பெர்லின் போய்ச் சேர்ந்தது. அங்கே அரச அருங்காட்சியகத்தில் மரக்குவியலாக உட்கார்ந்தது.

இப்போதுதான் மன்னருக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்தது. வாங்கியாயிற்று, எங்கே வைப்பது?

முதல் யோசனை, பெர்லின் பக்கத்தில் ஆற்று நடுவே உள்ள மயில் தீவு. இவருடைய அப்பா அங்கே மயில் மட்டுமல்ல, கங்காரு, கரடி என்று ஒரு மிருகக்காட்சி சாலையே வைத்திருந்தார். மகன் பட்டத்துக்கு வந்ததும் மிருகங்களை பெர்லின் நகரத்துக்குத் தானம் செய்தார். பெர்லின் மிருகக்காட்சி சாலை 1844-ல் திறந்தது அவற்றை வைத்துத்தான். ஆக, கங்காரு காலி செய்த தீவில் நார்வே கோயில் குடியேறியிருக்கும். ஜெபிக்க ஆள் இல்லை, அழகுக்கு நிற்கும்.

அதைத் தடுத்தவர் ஒரு பெண்மணி. அன்றைக்குப் பிரஷ்யாவிலும் இன்றைக்குப் போலந்திலும் இருக்கும் சைலீசியாவில், புக்வால்ட் என்ற ஊரில் வசித்த கோமாட்டி ஃபிரீடெரிக்கெ ஃபொன் ரேடன். 1774-ல் பிறந்தவர். இவருடைய அப்பா ஜெனரல் ரீடெசல், இங்கிலாந்துக்காக அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டை போடப் போய், 1777-ல் சரட்டோகாவில் சரணடைந்து கைதியானவர். அம்மா மூன்று சின்னப் பெண்குழந்தைகளையும் கட்டி இழுத்துக்கொண்டு போர்க்களத்துக்கே புருஷன் பின்னால் போனவள். அங்கே பிறந்த தங்கைக்கு அமெரிக்கா என்றே பெயர் வைத்தார்கள், அடுத்தவளுக்குக் கனடா. குழந்தைப் பருவத்தில் பீரங்கிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய பெண்ணுக்கு, அறுபத்தெட்டு வயதில் ஒரு ராஜாவை வழிக்குக் கொண்டுவருவது பெரிய காரியமா?

கோமாட்டி ஏற்கெனவே கை தேர்ந்தவர். 1837-ல் ஆஸ்திரியாவின் சில்லர்டால் பள்ளத்தாக்கிலிருந்து, புராட்டஸ்டன்ட் ஆனதற்காகத் துரத்தப்பட்ட நானூற்றுச் சொச்சம் பேரைத் தன் ஊர்ப்பக்கத்தில் குடியமர்த்திப் பராமரித்தவர். இப்போது அவருடைய கவலை, ரீசெங்கெபிர்கெ மலைமேல் சிதறிக்கிடந்த புராட்டஸ்டன்ட் குடும்பங்கள். பனியில் கோயிலுக்கு இறங்கி ஏறவே அவர்களுக்கு ஞாயிறு போய்விடும். மன்னரின் கோடை மாளிகையும் அந்தப் பக்கத்திலேயே எர்ட்மன்ஸ்டார்ஃபில் இருந்தது. வாதம் எளிமையானது: உங்களிடம் ஆள் இல்லாத கோயில் இருக்கிறது, என்னிடம் கோயில் இல்லாத ஆட்கள் இருக்கிறார்கள். மன்னர் மயிலை மறந்தார்.

இடம் கொடுத்தவர் பிரபு ஷாஃப்கோட்ஷ். அந்த வம்சம் கத்தோலிக்கர். புராட்டஸ்டன்ட் ராஜா, கத்தோலிக்க நிலம், கத்தோலிக்கக் காலத்தில் கட்டிய கோயில், அதன் வாசலில் கிறிஸ்தவத்துக்கே முந்தைய சாயல் உள்ள டிராகன்கள். 1842 ஆகஸ்ட் 2-ல் மன்னரே வந்து அடிக்கல் வைத்தார். 1844 ஜூலை 28-ல் ராஜா, ராணி முன்னிலையில் திறப்பு விழா. கடல் மட்டத்துக்கு மேல் 885 மீட்டர். பக்கத்திலிருக்கும் 1,603 மீட்டர் சிகரத்திலிருந்து இறங்கும் காற்று, அறுநூறு வருஷத்துக்கு மேல் நார்வேக் காற்றைத் தாங்கிய கோயிலைப் பெயர்த்துவிடுமோ என்று பயந்து, காற்றை மறிக்கப் பக்கத்திலேயே கருங்கல்லில் ஒரு மணிக்கூண்டும் கட்டினார்கள். படத்தில் பார்த்தால் கருத்த மெலிந்த ஒருவருக்குத் தடித்த மெய்க்காப்பாளர் நிற்பது போலவே இருக்கும்.

சரி, அங்கே நிற்பது அதே கோயில்தானா? இந்தக் கேள்வியைச் சற்று மெதுவாகக் கேட்கவேண்டும். வாசல் நிலைகள், சில தூண்கள், தூண்தலைகள் எல்லாம் அசல். கெட்டுப்போன மரங்களுக்குப் பதில் புது மரம். சுற்றுத் தாழ்வாரம் புதிது. பெரிய ஜன்னல்கள் புதிது. கூரையும் டிராகனும், போர்குண்ட் ஊரின் புகழ்பெற்ற ஸ்டேவ் சர்ச்சைப் பார்த்து வரைந்த சாயலில் செய்தவை. சுருங்கச் சொன்னால், நார்வேக் கோயில் எப்படி இருக்கவேண்டும் என்று ஒரு ஜெர்மானிய ரசிகர் ஆசைப்பட்டாரோ அப்படி இருக்கிறது. அசல் வாங் கோயில்கூட இவ்வளவு நார்வேத்தனமாக இருந்திருக்காது.

இந்த இடத்தில் வாங் விவசாயியை எழுந்து நிற்கச் சொல்கிறேன். அவன் கேட்டதுதான் என்ன? வெளிச்சம், ஜன்னல், நல்ல மரம். பிரஷ்ய மன்னர் அதே கோயிலுக்கு அதையேதான் செய்தார். விவசாயி செய்தால் அழிப்பு. ராஜா செய்தால் மீட்பு.

கோயில் கைநழுவிய பிறகு நார்வேக்கு ரோஷம் வந்தது. 1844-ல், சைலீசியாவில் திறப்பு விழா நடந்த அதே வருஷத்தில், பழைய நினைவுச்சின்னங்களைக் காக்கும் சங்கம் ஒன்று நார்வேயில் உருவானது. தூண்டுகோல்களில் ஒருவர் டால். ஆனால் 1851-ல் அரசாங்கமே ஒரு சட்டம் போட்டது: கோயில் என்றால் ஊர் ஜனத்தொகையில் பத்தில் மூன்று பேருக்காவது இடம் இருக்கவேண்டும். சங்கம் ஒரு பக்கம் காப்பாற்றியது, சட்டம் மறுபக்கம் இடித்துத் தள்ளியது. அந்தச் சங்கம் போர்குண்ட் கோயிலை 1877-ல் வாங்கிக் காத்தது. கோல் ஊர்க் கோயிலை மன்னர் இரண்டாம் ஆஸ்கர் 1880-களில் தலைநகருக்கு அருகே பெயர்த்துக் கொண்டுபோனார். ஃபோர்ட்டுன் ஊர்க் கோயில் 1883-ல் பெர்கன் பக்கம் ஃபான்டாஃப்டுக்குப் போயிற்று. 1992-ல் தீவைத்துக் கொளுத்திவிட்டார்கள், பிறகு அச்சாக அதே மாதிரி திரும்பக் கட்டினார்கள். ஆயிரத்துக்கு மேல் இருந்ததில் இன்று நார்வேயில் மிச்சம் 28. அந்த 28-க்காக நாடு இப்போது செய்யாத செலவில்லை.

வாங் பக்கத்து ஆட்கள் பழசை மதிக்கத் தெரியாதவர்கள் என்று இன்னும் யாராவது நினைத்தால், கடைசிச் சாட்சியை அழைக்கிறேன். அதே வாங் வட்டாரத்தில் ஓய்யெ என்று ஒரு சிற்றூர். அங்கேயும் ஒரு ஸ்டேவ் சர்ச் இருந்தது. 1747-ல் இடித்துவிட்டுப் புதுக் கோயில் கட்டினார்கள். அதோடு கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். 1935-ல் அந்தப் புதுக் கோயிலின் தரையைப் பெயர்த்தபோது, அடியில் பழைய கோயிலின் மரங்கள் கிடந்தன. மொத்தம் 156 துண்டுகள். நல்ல மரம், ஏன் வீணாக்குவது, எதற்காவது உதவும் என்று யாரோ தரைக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறார்கள். அவற்றை வைத்து 1960-களில் கோயிலை மறுபடி எழுப்பினார்கள். பிரஷ்ய மன்னர் இல்லை, கோமாட்டி இல்லை, ஜெர்மன் புத்தகம் இல்லை. ஒரு விவசாயியின் சிக்கனம், 188 வருஷம் கழித்துக் கலைப்பொருள் பாதுகாப்பு என்று பெயர் எடுத்தது.

தீர்ப்பை வாசகர்களிடம் விட்டுவிடுகிறேன். வாங் ஊரின் நிலவரத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பழசைத் தள்ளிவிட்டு அவர்கள் கட்டிய வெள்ளைக் கோயில் இருக்கிறதே, அதற்கும் இப்போது வயதாகிவிட்டது. 1650-க்கும் 1850-க்கும் நடுவே கட்டிய கோயில்கள் எல்லாம் நார்வேயின் பாதுகாப்புப் பட்டியலில் வந்துவிட்டன. வசதியாக இருக்கட்டும் என்று கட்டியதில் இன்று வசதிக்காக ஒரு சுவரை நகர்த்தவேண்டுமானால் புராதனத் துறையிடம் மனுப் போட்டுக் காத்திருக்கவேண்டும். இடிப்பது நடக்காது, ஏலம் நினைத்தே பார்க்க முடியாது. அப்படியே விற்க அனுமதி கிடைத்தாலும் வாங்குவதற்கு இப்போது பிரஷ்யா என்று ஒரு நாடே இல்லை.